நடுவில் ஒருவரும் வேண்டாம் என்ற உமக்கு

இன்று காலை நாரந்தனைச் சந்தியில் தண்ணீர்ப் பவுசர் வந்து நின்றது. சாரதி நவம் அண்ணை குழாயை ஊர்த் தண்ணீர்த் தாங்கியில் பொருத்தும்போது கொஞ்சத் தண்ணீர் வீதியில் சிந்தியது. வெயிலேறிய தாரிலிருந்து குளோரின் மணம் எழும்பியது. நான் பாண் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். மணம் பட்டதும் நின்றுவிட்டேன். இந்தத் தண்ணீரில் போட்ட தேநீரை நீர் ஒருநாளும் முழுதாகக் குடித்ததில்லை. "நீச்சல் குளத்துக்குப் பக்கத்திலை நிண்டு குடிக்கிற மாதிரி இருக்கு" என்று பாதிக் கோப்பையை வைத்துவிடுவீர்.

நவம் அண்ணை போனைப் பார்த்தார். "கிணறு இண்டைக்கு நல்ல குணத்திலை நிக்குது, தங்கச்சி. பின்னேரமும் தருமாம்" என்றார். கிணறு பேசுகிறது என்பதில் அவருக்கு இப்போது வியப்பு எதுவும் இல்லை. அது உம்மால் வந்தது என்பதையும் அவர் அநேகமாக நினைப்பதில்லை. நானும் நினைவூட்டவில்லை.

நீர் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி உமது அண்ணா கேட்டார். பண்பாளர், பாசமிக்கவர், பிறர் துயர் கண்டு பொறாதவர் என்று எழுதிப் பார்த்தேன். வாசித்தபோது அதில் நீர் இல்லை. எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன். இன்று எழுதுவதும் புகழுரை இல்லை. நடந்தவற்றை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் நீரும் நானும் ஒரே வகுப்பு. மாத்தறையில் உமது ஐயாவுக்குக் கடை இருந்ததால் நீர் சிங்களத்தில் சண்டை பிடிக்கவும் தமிழில் கணக்குச் செய்யவும் பழகியிருந்தீர். படிப்பு முடிந்து இரண்டு பேரும் கொழும்பில் வேலை செய்தோம். கலியாணத்தோடு நான் நாரந்தனைக்கு வந்து, வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனத்துக்கு வேலை செய்யத் தொடங்கினேன். பல வருடம் கழித்து நீர் தனியாக, பக்கத்து ஊரான சுருவிலில் இருந்த உமது குடும்ப வீட்டுக்கு வந்து சேர்ந்தீர். உமது குடும்பம் முழுவதும் அப்போது கனடாவில்.

"ஏன் வந்தனீர்?" என்று கேட்டேன்.

"வீட்டிலை ஆளில்லாட்டிக் கறையான் வந்திடும்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நீர் சொல்லாத விடயங்களைத் தோண்டாமல் இருப்பது நம்மிடையே வகுப்புக் காலத்திலிருந்தே இருந்த வழக்கம்.

அந்தக் கோடையில்தான் தண்ணீர்ச் சங்கம் நம்மிடம் வந்தது. எங்கள் தீவுப் பக்கத்தில் சில ஊர்கள் சேர்ந்து வைத்த சங்கம் அது. வேலணைப் பக்கத்தில் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு நல்ல தண்ணீர்க் கிணறுகள், ஓடுகிற நிலையில் நாலைந்து பவுசர்கள், ஊருக்கொரு தாங்கி. எந்தப் பவுசர் எந்தக் கிணற்றில் நிரப்பி எந்த ஊருக்குப் போவது என்பதைச் செயலாளர் ஒருவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மழை பொய்த்த அந்த வருடம் எல்லா ஊரும் அவரையே திட்டின. அவருக்குப் பிரஷர் கூடி, இனி ஏலாது என்று விலகிவிட்டார். அவருடைய வேலையைக் கணினியால் செய்ய முடியுமா என்று கேட்டு வந்தார்கள்.

முடியும் என்று நான் உடனே சொன்னேன். என் மனதில் இருந்தது எளிமையானது. எல்லாத் தகவலும் ஒரு இடத்துக்கு வரும். ஒரு நிரல் எல்லாவற்றையும் பார்த்து யார் எங்கே போவது என்று தீர்மானிக்கும். நீர் வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மறுப்பாகத் தலையை ஆட்டினீர்.

"அப்ப பழைய செயலாளரைத்தான் திருப்பிச் செய்யப் போறீர். பிரஷர் வராத செயலாளர்."

"அதிலை என்ன பிழை?"

"நடுவிலை இருக்கிறவரை எல்லாரும் பிடிச்சு இழுப்பினம். அவர் விழுந்தா எல்லாம் விழும். நடுவிலை ஒருத்தரும் வேண்டாம்."

உமது திட்டம் வேறு. ஒவ்வொரு பவுசருக்கும் ஒரு சிறு மென்பொருள், சாரதியின் போனில். ஒவ்வொரு தாங்கிக்கும் ஒன்று, ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒன்று. ஒவ்வொன்றும் தன் நிலைமையைத் தானே பார்க்கும், தானே முடிவெடுக்கும், மற்றவற்றோடு பேசும். தாங்கி குறையும்போது அது கேட்கும், யார் வருவீர்கள் என்று. பவுசர்கள் தங்கள் தூரத்தையும் நிலைமையையும் பார்த்து, நான் இந்த நேரத்துக்கு வருவேன் என்று விடை சொல்லும். தாங்கி ஒன்றைத் தெரிந்தெடுக்கும். கட்டளை இடுபவர் எவரும் இல்லை.

சங்கக் கூட்டத்தில் இதை விளங்கப்படுத்தும்போது, பாடப்புத்தகத் தமிழில் நீர் இவற்றை முகவர்கள் என்று சொன்னீர். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "எந்த முகவர், தம்பி? கனடாவுக்கு அனுப்புற ஏஜென்சிக்காரரோ?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நீரும் சிரித்து, "இல்லை ஐயா, இவை ஊரை விட்டுப் போகாதவை" என்றீர்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முரண்பட்டபின் நான் இறங்கி வந்தேன். உமது திட்டத்தில் நம்பிக்கை வந்ததால் இல்லை. அதை எழுதும் பொறுப்பை நீர் ஏற்றுக்கொண்டதால்.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே ஓடியது. பிறகு ஒருநாள் மத்தியானம் நவம் அண்ணை பவுசரோடு நேரே சுருவிலுக்கு வந்துவிட்டார். உமது முற்றத்தில் நிறுத்தி இறங்கியபோது அவருடைய சேட்டு முழுவதும் வியர்வை. நான் அப்போது உமது மேசையில் வேலை செய்துகொண்டிருந்தேன்.

"தம்பி, காலமையிலிருந்து நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் கை காட்டினதுதான் மிச்சம்" என்றார்.

நடந்தது இதுதான். எல்லாப் பவுசர்களும் வடக்குக் கிணற்றில் வரிசையில் நின்றன. தெற்குக் கிணறு காலியாக இருப்பதை ஒவ்வொன்றும் கண்டது. எல்லாம் ஒரே நேரத்தில் தெற்கே திரும்பின. போய்ச் சேர்ந்தபோது அங்கே வரிசை, வடக்கு காலி. மறுபடி எல்லாம் வடக்கே. சாரதிகள் போன் சொன்னபடி ஓடினார்கள். தாங்கிகள் காத்திருந்தன. எந்தப் பவுசரின் முடிவையும் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் பிழை சொல்ல முடியாது.

நீர் திரையைப் பார்த்தபடி, "எல்லாரும் ஒரே நேரத்திலை ஒரே நியாயத்தை யோசிக்கினம்" என்றீர்.

"நடுவிலை ஒருத்தர் இருந்திருந்தா இது நடந்திராது" என்றேன் நான்.

"ஓம். நடந்திராது." அதை ஒத்துக்கொண்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தீர். அன்று பின்னேரமே ஒரு மாற்றம் செய்தீர். திரும்புவதற்கு முன் ஒவ்வொரு பவுசரும், நான் தெற்கே போகப் போகிறேன் என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுத வேண்டும். அதைக் கண்ட மற்றவை, ஒருவர் போகிறார்தானே என்று தம் இடத்தில் நிற்கும். அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து பவுசர்கள் பிரிந்து நின்றன. அங்கே நடுவில் ஆள் இருக்கவில்லை. எல்லோரும் எழுதிவிட்டுப் போகிற ஒரு பலகை மட்டும் இருந்தது. பலகை என்பதும் ஒரு நடுதானே என்று உம்மோடு நான் பல தடவை வாதாடியிருக்கிறேன். "பலகை ஒண்டும் சொல்லாது. அதுதான் வித்தியாசம்" என்பீர்.

அடுத்தது புங்குடுதீவுப் பாதை. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் கடலுக்கு நடுவே போகிற அந்த நீட்டுப் பாதையில் அப்போது திருத்த வேலை நடந்தது. ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது. சின்ன வாகனங்கள் ஒதுங்கி விலகும். இரண்டு பவுசர்கள் சந்தித்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். அதனால் எதிரே இன்னொரு பவுசர் வர இருந்தால் வழிவிட்டு நில் என்று ஒரு விதி வைத்தீர். ஒரு காலை, புங்குடுதீவின் இறுப்பிட்டிக்குத் தண்ணீரோடு போன நவம் அண்ணை இந்தக் கரையில் நின்றார். வெறும் பவுசரோடு திரும்பி வந்த ரூபன் அந்தக் கரையில் நின்றான். இரண்டு போனும், எதிரே ஆள் வருகிறார், வழிவிடவும் என்று சொல்லிக்கொண்டிருந்தன. நடுவில் கடற்காற்று மட்டும் போய் வந்தது. கடைசியில் ரூபன் நவம் அண்ணைக்கு அழைத்தான்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

"நான் உனக்காக நிக்கிறன்."

"நான் உங்களுக்காகவெல்லோ நிக்கிறன்."

இதை நவம் அண்ணை நடித்துக் காட்டியபோது நீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர். பிறகு, தண்ணீரோடு வருபவருக்கு முதலிடம் என்று ஒரு வரி சேர்த்தீர். "மரியாதை மட்டும் இருந்தாக் காணாது. ஆர் முந்தி எண்டதும் தெரியவேணும்" என்றீர். சிரிக்கும்போது நீர் பிடித்த இடம் வயிற்றின் வலப்பக்கம் என்பதும், பிடித்த கையை நீர் உடனே எடுக்கவில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் விளங்கின. அப்போது நான் பார்த்தது ஒரு மனிதர் சிரிப்பதை மட்டும்.

மூன்றாவது பிழை சிரிக்கத்தக்கதாக இருக்கவில்லை.

ஒவ்வொரு பவுசரும் குறைந்த ஓட்டத்தில் கூடிய தாங்கிகளை நிரப்பப் பார்த்தது. அதனால் கிட்ட இருந்த ஊர்களின் கேள்விக்கு உடனே விடை போனது. இறுப்பிட்டி தூரம், பாதையும் கெட்டது. இறுப்பிட்டித் தாங்கி கேட்கும். எல்லாப் பவுசர்களும் வேறு வேலையை ஏற்றுக்கொண்டிருக்கும். அவை திரும்பும் நேரத்தில் இன்னொரு கிட்டிய ஊரின் தாங்கி குறைந்திருக்கும். இறுப்பிட்டியைக் கைவிடுவது என்று எவரும் முடிவெடுக்கவில்லை. ஆனால் அங்கே தாங்கி நாட்கணக்காக வெறுமையாகக் கிடந்தது. சனம் உவர்க் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தது. சின்னப் பிள்ளைகள் சிலருக்கு வயிற்றோட்டம் வந்து ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் தேறிவிட்டார்கள். அதைக் கேள்விப்படும் வரை நம் இரண்டு பேரின் திரைகளிலும் எல்லாம் பச்சையாகவே இருந்தது.

இறுப்பிட்டி வாசிகசாலையில் கூட்டம். நாம் இரண்டு பேரும் போனோம். பரமேஸ்வரி அக்காவை அங்கேதான் முதலில் கண்டோம். பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்தவ, தாங்கிக்குப் பொறுப்பும் அவதான். குரலை உயர்த்தாமல் பேசினா.

"முந்திச் செயலாளர் இருக்கேக்கை அவருக்குப் போன் எடுத்து ஏசலாம். அவர் பதிலுக்கு ஏசுவார். இப்ப உங்கட மெசின்களெல்லாம் தங்களுக்குள்ளை கதைச்சு முடிச்சிடுது. என்ன கதைச்சுதெண்டு எங்களுக்குத் தெரியாது. எங்களோட ஒருத்தரும் கதைக்கேல்லை."

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். நீர் என் கையில் தட்டி நிறுத்தினீர். எழுந்து நின்று, "பிழை எங்கட, அக்கா. நாங்கள் ஒவ்வொருத்தரின்ர வேலையையும் சரி பார்த்தனாங்கள். எல்லாரும் சேர்ந்து செய்யிறது என்னெண்டு பார்க்கேல்லை" என்றீர். அவ்வளவு சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டீர்.

அந்தக் கிழமை நீர் செய்தவை இன்றும் ஓடுகின்றன. காத்திருக்கும் தாங்கியின் குரல் நேரம் போகப் போக உரத்துக்கொண்டு வரும். ஒரு எல்லைக்கு மேல் எந்தப் பவுசரும் அதைத் தாண்டிப் போக முடியாது. இன்னொன்று, முகவர்கள் தங்களுக்குள் பேசும் ஒவ்வொரு செய்தியும் ஊராருடைய போனிலும் ஒரு வசனமாக வரும். அந்த வசனங்களை நீரே இருந்து எழுதினீர். நான் எழுத்துத் தமிழில் எழுதித் தந்ததை எல்லாம் மாற்றிவிட்டீர். "கிணறு கிணறு மாதிரிக் கதைக்கட்டும்" என்றீர்.

பரமேஸ்வரி அக்கா ஒன்று கேட்டிருந்தா. தங்கள் முறை வந்தபிறகு வேறு ஊருக்கு அவசரம் என்றால் அதை விட்டுக்கொடுக்க வழியுண்டோ என்று. வறட்சியில் யார் தண்ணீரை விட்டுக்கொடுக்கப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன். நீரும் அப்படித்தான் நினைத்தீர். ஆனால் கேட்டவர் அவ என்பதால் அதற்கும் ஒரு வழி வைத்து ஒரு வசனம் எழுதினீர்.

நம்முடைய பெரிய சண்டை கிணற்றால் வந்தது. தெற்குக் கிணற்றில் உப்புக் கூடிக்கொண்டு வந்தது. தீவுக் கிணறுகளின் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிற ஒரு மெல்லிய படை. அளவுக்கு மேல் இழுத்தால் கீழேயிருப்பது மேலே வரும். பிறகு வருடக்கணக்கில் திருந்தாது. அதுவரை நம் திட்டத்தில் கிணறு தன் மட்டத்தை மட்டும் சொல்லும். கேட்டால் கொடுக்கும். அதற்கு மறுக்கும் உரிமை வேண்டும் என்றீர்.

"சனம் தண்ணிக்கு அந்தரிக்கேக்கை ஒரு மெசின் ஏலாது எண்டு சொல்லுறதோ?" என்று கேட்டேன்.

"தாங்கிக்காகக் கதைக்க ஆள் இருக்கு. பவுசருக்காகக் கதைக்க ஆள் இருக்கு. கிணத்துக்காகக் கதைக்க ஒருத்தரும் இல்லை."

"சனத்துக்காகத்தான் கிணறு."

"அடுத்த வருசச் சனமும் சனம்தானே."

இரண்டு நாள் நாம் பேசவில்லை. சங்கம் இடையில் புகுந்து ஒரு முடிவுக்கு வந்தது. கிணறு மறுக்கலாம், முறையும் முகவர்கள் வகுத்தபடியே நடக்கலாம், ஆனால் நான் விடாமல் கேட்டபடி, எல்லாவற்றையும் மீறித் தண்ணீரைத் திருப்புகிற ஒரு பட்டன் ஒரு மனிதரின் கையில் இருக்க வேண்டும். அது உமக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. யாரிடம் கொடுப்பது என்று கேட்டபோது என்னைக் காட்டினீர்.

"அவவிட்டைக் குடுங்கோ. அவதான் பட்டன் வேணுமெண்டு நிண்டவ. அதாலை லேசிலை அமத்த மாட்டா."

புரட்டாசி வெயிலில் ஒருநாள் தெற்குக் கிணறு சொன்னது: 'இண்டைக்கு இனி ஏலாது. உப்பு கூடுது.' அன்று எனக்கு வந்த அழைப்புகளில் பாதி பட்டனை அமத்தச் சொல்லி. நான் அமத்தவில்லை. உமக்காக அமத்தாமல் விட்டேன் என்று சொல்ல முடியாது. உப்பின் கோடு ஏறுவதைத் திரையில் என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். சனம் வடக்குக் கிணற்றை வைத்துச் சமாளித்தது. குளிப்பதைக் குறைத்தது, எங்களைத் திட்டியது. ஐப்பசி கடைசியில் மழை வந்தது. தெற்குக் கிணறு இன்றும் குடிக்கத்தக்கதாக இருக்கிறது.

அந்த மழை நாட்களில் ஒருநாள் நீர் என் குசினிக் கதிரையில் இருந்துகொண்டு, ஈரலில் புற்றுநோய் என்று சொன்னீர். நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்தேன்.

"எப்ப தெரியும்?"

"ஆடியிலை."

ஆடியில்தான் சங்கம் நம்மிடம் வந்தது. வேலை என்று சொல்லி நீர் கொழும்புக்குப் போய் வந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்கு. மனதில் முதலில் வந்ததைக் கேட்டேன்.

"அதாலைதானோ நடுவிலை ஒருத்தரும் வேண்டாமெண்டு நிண்டனீர்?"

நீர் உண்மையாகவே யோசித்தீர். "இல்லை. கம்பஸிலையிருந்து நான் உதைத்தானே சொல்லுறனான்."

அது சரி. இரண்டாம் வருடத்திலேயே இதே வாதம் நமக்குள் நடந்திருக்கிறது. ஆனாலும் அந்த விடை என்னைச் சமாதானப்படுத்தவில்லை. தோசை ஒன்று போடச் சொல்லி, சாப்பிட்டுவிட்டு, மழை விட்டபின் போனீர்.

அடுத்த ஆவணியில் உம்மைச் சுருவில் வீட்டில் கிடத்தியிருந்தார்கள். அன்று நான் அழவில்லை என்று சிலர் கவனித்திருக்கிறார்கள். எனக்கு அன்று வேறு வேலை வந்து சேர்ந்தது.

மறுபடியும் வறட்சி. கனடாவிலிருந்து வந்த உமது அண்ணா பந்தலுக்குள் நின்று எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் சனம் வந்துகொண்டிருந்தது. வீட்டுக் கிணறு உவர். தேநீருக்கும் குடிக்கவும் நல்ல தண்ணீர் முடிந்துபோனது. சுருவில் தாங்கியிலும் தண்ணீர் அடியில். அண்ணா போனில் கேட்டுப் பதிந்தார். விடை வந்தது: 'சுருவில், செத்தவீடு. பதிஞ்சிருக்கு. இறுப்பிட்டிக்குப் பிறகு.' இறுப்பிட்டி முதல்நாளிலிருந்து காத்திருந்தது. மற்றவை பழுதில் நின்றதால், அன்று ஓடிய ஒரே பவுசர் நவம் அண்ணையுடையது. அவர் அதை நிரப்பிக்கொண்டு புங்குடுதீவுப் பாதையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

அண்ணா என்னைத் தேடி வந்தார். கோபமாக இல்லை, களைத்திருந்தார்.

"பட்டன் உங்களிட்டையாம் இருக்கு."

"ஓம் அண்ணை."

"அவன் செய்த சாமான். அவன்ர செத்தவீடு. ஒரு பவுசரைத் திருப்பிவிட ஏலாதோ?"

நான் போனைக் கையில் எடுத்தேன். பந்தலின் ஓரத்தில் நின்றேன். உள்ளே பறை நின்று, ஐயர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நீர் இருந்தால் என்ன சொல்வீர் என்று யோசித்ததாக எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். நான் அதை யோசிக்கவில்லை. வாசிகசாலையில் பரமேஸ்வரி அக்கா பேசியதையும், அந்தச் சின்னப் பிள்ளைகளை ஊர்காவற்றுறைக்கு ஏற்றிப் போனதையும்தான் யோசித்தேன். அண்ணாவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

"ஏலாது, அண்ணை" என்றேன். "கொஞ்சம் பொறுங்கோ. கடையிலை போத்தில் தண்ணி எடுப்பிக்கிறன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. திரும்பிப் போனார்.

அவர் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் போனில் ஒரு வசனம் வந்தது. 'இறுப்பிட்டி: எங்கட முறையைச் சுருவிலுக்கு விடுறம்.'

அது நீர் எழுதிய வசனம். எழுதி வைத்ததிலிருந்து அன்றுவரை எவரும் பயன்படுத்தாத வசனம். நான் அதை ஒன்றுக்கு இரண்டு தடவை வாசித்தேன். பலகையில் பவுசர் எழுதியது: 'திரும்பப் போறன். சுருவிலுக்கு.' பிறகு கிணறு, வடக்கிலிருந்து: 'இறுப்பிட்டிக்கு இன்னொண்டு தரலாம். வாங்கோ.' ஒரு ஆள் சொல்லாமல், ஒன்றைப் பார்த்து ஒன்று, தங்கள் தங்கள் வேலையை மாற்றிக்கொண்டன. தொடக்கி வைத்தது மட்டும் ஒரு மனிதரின் விரல். அது என்னுடையது இல்லை.

நவம் அண்ணை வந்து பவுசரை ஒழுங்கைக்குள் விட்டார். இறங்கி, தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக்கொண்டு, "போன் திருப்பச் சொல்லிச்சுது. பாதைக்கு ஏறமுந்தித் திருப்பினனான்" என்றார். பிறகு உம்மைப் பார்க்க உள்ளே போனார். வெளியே வந்து நெடுநேரம் பவுசரின் படியிலேயே இருந்தார்.

பின்னேரம் பரமேஸ்வரி அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினா. உம்மை அப்போது எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முற்றத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். நான் நன்றி சொன்னேன்.

"நன்றி என்னத்துக்கு, பிள்ளை? போனிலை செத்தவீடெண்டு எழுதிக் கிடந்தது. வாசிச்சனாங்கள்" என்றா.

அன்று நான் செய்தது சரியா என்று உமது அண்ணாவோடு நான் பேசியதில்லை. தைப்பொங்கலுக்குக் கனடாவிலிருந்து ஒரு வாழ்த்து அனுப்பியிருந்தார். நானும் அனுப்பினேன்.

இப்போது நெடுந்தீவிலிருந்து வந்து கேட்கிறார்கள். அங்கே தண்ணீரும் சாமானும் வள்ளங்களில் போக வேண்டும். காற்றுக் காலத்தில் எந்த வள்ளம் எப்போது கிளம்புவது என்பதில் தினமும் சண்டை. குறிகட்டுவான் துறைக்குப் பக்கத்தில் போன மாதம் கூட்டம் நடந்தது. நெடுந்தீவைச் சேர்ந்த ஒரு பெண் வந்திருந்தாள். பொறியியல் முடித்து ஊரிலேயே வேலை செய்பவள். எல்லாவற்றையும் ஒரு இடத்தில் வைத்துத் தீர்மானிப்பதே பாதுகாப்பு, கடலில் பிழைக்கு இடமில்லை என்று பேசினாள். நான் ஒருகாலத்தில் உமக்குச் சொன்ன ஒவ்வொரு நியாயத்தையும் என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எதிர்ப் பேச்சு ஒன்றும் எழும்பவில்லை.

அப்போது நான் பேசத் தொடங்கினேன். தொடர்பு அறுந்தால் கடலில் நிற்கிற வள்ளம் யாரைக் கேட்கும்? நடுவில் இருப்பவரைப் பிடித்து இழுத்தால் முதலில் யாருடைய வள்ளம் போகும்? ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து எழும்பும்போது என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்கள் இதை உண்மையா நம்பித்தான் சொல்லுறியளோ?"

"ஓம்" என்றேன்.

அது முழு உண்மை இல்லை. கடலைப் பொறுத்தவரை பாதிக்குமேல் அவள் சொல்வதுதான் சரி என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் அந்த மேசையில் மறுபக்கத்தைப் பேச வேறு ஆள் இருக்கவில்லை. மறுபக்கம் பேசப்படாமல் ஒரு முடிவு எடுக்கப்படுவதை இருந்து பார்க்க எனக்கு முடியாமல் இருக்கிறது. உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான் என்று தோன்றுகிறது. உமது கருத்து என்னோடு வரவில்லை. உமது பக்கம் வந்திருக்கிறது.

வருகிற கிழமை மறுபடி கூட்டம். வீட்டில் தனியே இருந்து இரண்டு பக்கத்தையும் நானே பேசிப் பார்க்கிறேன். என் பக்கத்தை என் குரலில் சொல்கிறேன். உமது முறை வரும்போது, நீர் செய்வதுபோலக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கொஞ்சம் மெதுவாகத் தொடங்குகிறேன்.